அப்பாவின் .315 ரைபிளுக்கு என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணத்துக்கு மேலே எங்களுக்கு நாலு ஏக்கர் ரப்பரும் கொஞ்சம் மரச்சீனியும் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா 1978-ல் லைசென்ஸ் எடுத்து ஒரு .315 ரைபிள் வாங்கினார். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். ரைபிளை லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேரில் யாருக்கும் லைசென்ஸ் எடுக்க விருப்பமில்லை. விற்றுவிடலாம் என்று இருக்கிறோம். புது ரைபிள் விலையில் கால் பங்கு தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். எஸ்டேட் பங்களா ஒன்றில் இருந்த வெள்ளைக்காரன் காலத்து ரைபிள் பல லட்சத்துக்குப் போனதாம். நாமும் புது விலைக்குக் குறையாமல் கேட்போம் என்கிறான் அண்ணன். ரைபிளின் வாய்ப்பக்கம் கொஞ்சம் கறுத்திருக்கிறது. கட்டையில் ஒரு வெடிப்பு உண்டு, அப்பா பசை வைத்து ஒட்டியிருந்தார். எப்போதும் தோல் உறையில் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைத்திருப்பார். என்ன விலை சொன்னால் நியாயம்?

பதில்: உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், இன்றைய புது விலையில் ஏறக்குறையப் பாதிதான் அந்த ரைபிளின் நியாயமான விலை. கடைக்காரர் சொன்ன கால் பங்கு குறைவு. அண்ணன் கேட்கச் சொல்லும் முழு விலை வராது. பேரலின் உள்ளே பார்த்த பிறகு இந்தப் பாதி கொஞ்சம் ஏறலாம், அதைவிட அதிகமாக இறங்கவும் செய்யலாம்.

அண்ணன் சொல்லும் வெள்ளைக்காரன் காலத்து ரைபிள் வேறு சரக்கு. தனியார் ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களிலேயே நின்றுவிட்டது; பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், வின்செஸ்டர், மான்லிச்சர் என்று நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிதாக ஒன்று வராது என்பதால் அவற்றின் விலைக்கு மேல் எல்லை இல்லை. அவற்றிலும் .375, .423 போன்ற பெரிய போர்களுக்கு (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு)த் தோட்டா கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கையைச் சுடும். பழம்பொருளாகப் பெயருக்கும் வேலைப்பாட்டுக்கும் விலை கொடுப்பவர்தான் அதை வாங்குவார். சுடுவதற்கு வாங்குகிறவர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

உங்களுடையது 1978-ல் வாங்கிய .315 என்பதால், அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த ரைபிளாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பேரலின் பின்பகுதியில் உள்ள முத்திரையைப் பார்த்தால் உறுதியாகிவிடும். .303 ராணுவத் தோட்டா. தனியாருக்குத் தடை செய்யப்பட்ட போர். ஆகவேதான் 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவை எடுத்து, பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் இயக்கமுறையில் பொருத்தி, .315 என்ற பெயரில் மக்களுக்கு விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள். 2021 அக்டோபர் 1-ல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, சிறு ஆயுதங்கள் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தன. புது ரைபிளின் அறிவிக்கப்பட்ட விலையை அங்கிருந்தோ எந்தத் துப்பாக்கிக் கடையிலிருந்தோ கேட்டுக்கொள்ளுங்கள். வரி, கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்து லைசென்ஸ்காரர் கையில் வந்து சேரும்போது என்ன விலை ஆகிறதோ, அதுதான் நம் கணக்கில் 100. லைசென்ஸ் உள்ள யாரும் அந்த விலைக்குப் புதிதே வாங்கலாம் என்னும்போது, நாற்பது வருஷத்துக்கு மேல் பழகிய ரைபிளுக்கு அதே பணத்தைத் தர ஒருவருக்கும் காரணம் இல்லை.

வாங்குகிறவர்களும் குறைவு. லைசென்ஸில் ரைபிள் என்றும் அதன் போர் இன்னதென்றும் குறித்து அனுமதி வாங்கியவர்தான் உங்களிடம் வர முடியும். புதிதாக லைசென்ஸ் எடுக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் .32 ரிவால்வரோ 12 போர் ஷாட்கன்னோ கேட்கிறார்கள். வங்கிக் காவலுக்குப் போகிறவர்களுக்கும் 12 போர்தான் வேண்டும். இதற்கு மேல், 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்று வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒன்றை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ரிவால்வரையும் டபுள் பேரலையும் கையில் வைத்துக்கொண்டு ரைபிளைக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். கடைகளின் இருப்பறையில் பழைய .315 தேங்கியிருக்க இது ஒரு காரணம். கடைக்காரர் கால் பங்கு சொன்னது உங்களை ஏமாற்றத்தான் என்று நினைக்க வேண்டாம். பணம் முடங்கும், விற்க எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இனி ரைபிளைப் பார்ப்போம். உங்களில் யாருக்கும் லைசென்ஸ் இல்லாததால் நீங்கள் அதைக் கையாள வேண்டாம். கடைக்காரரிடம் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்; அவரே மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று காட்டி, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றித் தரட்டும். இந்த வகை ரைபிளில் போல்ட் முழுதாக வெளியே வந்துவிடும் என்பது ஒரு வசதி. பின்பக்கமிருந்து பேரலுக்குள் நேராகப் பார்க்கலாம். பேரல் வாய்க்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன்மேல் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். டார்ச்சை நேரே உள்ளே அடித்தால் எல்லாமே பளபளப்பாகத் தெரிந்து குறை மறைந்துவிடும்.

முதலில் துடைக்காமல் பாருங்கள். பிறகு துப்புரவுக் கம்பியில் எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியை வைத்துப் பின்பக்கமிருந்து தள்ளச் சொல்லுங்கள். துணி கறுப்பாக வந்தால் வெடிமருந்துக் கரி. அது அழுக்குதான், விலையில் கை வைக்காது. பச்சையோ நீலமோ படிந்து வந்தால் குண்டின் செம்பு, கரைப்பானால் போகும். செம்பழுப்பாக வந்தால் துரு. நாலைந்து துணி மாற்றிய பிறகும் செம்பழுப்பு நிற்கவில்லை என்றால் துரு இரும்பைத் தின்றிருக்கிறது. துடைத்து முடித்தபின் மறுபடி உள்ளே பாருங்கள். சுழன்று போகும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கத்தி முனைபோல் கூராக இருக்கிறதா, தேய்ந்த படிக்கல் போல் உருண்டிருக்கிறதா? பள்ளத்தின் அடியில் மட்டும் கரும்புள்ளி இருந்தால் ரைபிள் ஓரளவு நேராகச் சுடும். பள்ளங்களுக்கு நடுவிலுள்ள மேட்டின் மேலும் புள்ளி விழுந்து, விளிம்பு அரித்துப் போயிருந்தால் குறி தப்பும், ஒவ்வொரு முறை சுடும்போதும் செம்பு அதில் பிடித்துக்கொள்ளும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. விலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு பார்வையில்தான் தீர்மானமாகிறது.

நம் மாவட்டத்தில் இந்தத் துரு ஏன் இவ்வளவு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தோட்டாக்களின் தீமூட்டியில் இருந்த குளோரேட் உப்பு, சுட்ட பிறகு பொட்டாசியம் குளோரைடாகப் பேரலுக்குள் படிந்துவிடும். நம் அடுக்களை உப்புக்குத் தம்பி போன்ற ஒன்று அது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் போட வேண்டும். சுட்டவுடன் எண்ணெய் மட்டும் தடவி வைத்த ரைபிள்களில் எண்ணெய்க்கு அடியிலேயே துரு வேலை செய்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் கடலின் உப்புக்காற்று. கீரிப்பாறை, மாறாமலைப் பக்கம் என்றால் எந்நேரமும் ஈரம். வறண்ட ஊரில் நாற்பது வருஷம் இருந்த பேரலையும் இங்கே நாற்பது வருஷம் இருந்த பேரலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தோல் உறை பார்க்க அழகு, ரைபிளுக்கு ஆகாது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். உறையின் முனையில்தான் ஈரம் தங்கும் என்பதால் பேரல் வாய்ப்பக்கம் முதலில் கறுக்கும். நீங்கள் எழுதிய கறுப்பு இதனால் வந்ததாக இருக்க அதிகம் வாய்ப்பு. இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஆட்கள் கயிறு கோத்து இழுக்கும் புல்-த்ரூவால் துடைப்பார்கள். கயிற்றை ஒருபக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்தே வாயின் விளிம்பில் ஒரு பக்கம் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. அது கோணினால் குண்டு கோணும். பூதக்கண்ணாடி வைத்து வாயைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு மட்டும் என்றால் சின்னக் கழிவு. தேய்ந்திருந்தால் நல்ல பழுதுபார்ப்பவர் விளிம்பை மட்டும் சற்றே புதுப்பிக்க முடியும். அதற்காகப் பேரலை வெட்டிக் குறுக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேரலைக் குறுக்குவதற்கு ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி தனி அனுமதி வேண்டும்.

பேரலுக்குள் பார்க்கும்போது ஒரு இடத்தில் வளையம் போல் நிழல் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அந்த இடத்தில் வெளியே விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய புடைப்பு தட்டுப்படும். வாயில் ஏதோ அடைத்திருந்தபோது சுட்டால் இப்படிப் புடைக்கும். துடைத்த துணி உள்ளே மாட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம், நம் வீடுகளில் குளவி கட்டும் மண்கூடாகவும் இருக்கலாம். புடைத்த பேரலோடு விற்பது மனசாட்சிக்கு ஒவ்வாது. அந்த ரைபிளைக் கடைக்காரரிடம் உதிரிப் பாகத்துக்கான விலையில், அதாவது 100-க்குப் பத்து என்ற அளவில் கொடுத்துவிடுவதே சரி. உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது எண். போல்ட் பிடியின் பின்புறத்தில் வழக்கமாக ஒரு எண் பொறித்திருக்கும். ரைபிளின் உடலில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய ரைபிள்கள் நிறைய. ஒரே மாதிரி பத்து ரைபிள் சாய்த்து வைத்த இடத்தில் போல்ட் மாறிவிடுவது நடக்கிற காரியம்தான். போல்ட் மாறினால் தோட்டா உட்காரும் இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறும். இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு, அடிப்பாகத்தில் பளபளவென்று ஒரு கோடு விழும். இன்னும் கூடினால் கூடு இரண்டாக அறுந்து சூடான வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கி வரும். எண் ஒத்துப்போகாவிட்டால் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் அளவுகோல் வைத்துச் சரிபார்த்துத் தரும்வரை விலை பேசவே வேண்டாம்.

ஸ்டேஷனில் சாய்த்து வைத்ததில் முன் சைட் (குறிபார்க்கும் முனை) வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்யச் செலவு குறைவுதான். ஆனால் வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான், அதைச் சொல்லி அவர் பத்து குறைப்பார்.

கட்டைக்கு வருவோம். இந்த ரைபிளின் பின்கட்டையும் முன்கட்டையும் தனித்தனி. பின்கட்டை ஒரு இரும்புக் குழிக்குள் உட்கார்ந்து, உள்ளே போகும் நீளமான போல்ட் ஒன்றால் இறுகியிருக்கும். மரம் சுருங்கும்போது அந்தப் போல்ட் தளரும். தளர்ந்த கட்டை ஒவ்வொரு சூட்டுக்கும் ஆடி, குழியின் விளிம்பில் மோதி, அங்கே வெடிக்கும். உங்கள் ரைபிளின் வெடிப்பு அந்த இடத்தில் இருந்தால் காரணம் இதுதான். எண்ணெயும் சேர்ந்திருக்கும். பேரலை மேல்நோக்கி நிறுத்தி வைத்தால் பூசிய எண்ணெய் மெல்ல வழிந்து, கட்டையில் கை பிடிக்கும் ஒடுக்கமான பகுதி மரத்தில் ஊறும். ஊறிய மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அந்த மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. வெடிப்பைச் சுற்றி மரம் கெட்டியாக இருந்தால், பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உள்ளே ஒரு ஊசி வைத்து ஒட்டி, நீளப் போல்ட்டை இறுக்கினால் போதும். அது சின்னச் செலவு, செய்யலாம். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டிருந்தால் பின்கட்டையை மட்டும் மாற்ற வழியுண்டு. அந்தச் செலவு உங்களுக்குத் திரும்ப வராது என்பதால் மாற்றாமலே விலையில் கழித்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் அரிவாளுக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். ரைபிளுக்கு அது கூடாது. நாளாக ஆகத் தூசியும் அழுக்கும் சேர்ந்து பிசுபிசுக்கும். 24 டிகிரிக்குக் கீழே உறையும். மலையடிவாரத்தில் மார்கழிக் காலையில் வெப்பம் அதற்கும் கீழே போவதுண்டு. போல்ட்டுக்குள் இருக்கும் சுருள்வில்லிலும் தோட்டாவைத் தட்டும் ஊசியிலும் அது பிடித்திருந்தால் ஊசி வேகம் குறைந்து தோட்டா வெடிக்காமல் போகும். வாங்க வருகிறவர் போல்ட்டை இழுத்துப் பார்க்கும்போது கையில் ஒட்டுகிற மாதிரி இருந்தால், உள்ளே எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவார். பழுதுபார்ப்பவரிடம் போல்ட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தரச் சொல்லுங்கள். இதற்கும் பேரல் துப்புரவுக்கும் செய்யும் செலவுதான் முழுதாகத் திரும்பி வரும்.

செய்யக் கூடாதது இரண்டு. கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்காதீர்கள். இரும்பைப் பாலிஷ் போட்டுப் புதிதாகக் கறுப்பு ஏற்றாதீர்கள். பாலிஷ் சக்கரம் பட்டால் முத்திரையும் எண்ணும் மழுங்கும். எண் மழுங்கிய துப்பாக்கி என்றால் விலை குறைகிறது என்பதோடு நிற்காது; எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவின் கீழ் வரும் குற்றம். அனுபவம் உள்ளவர் கண்ணுக்குப் புதுக் கறுப்பு தெரிந்துவிடும். கீழே எவ்வளவு துரு இருந்ததோ என்ற சந்தேகத்தில் இன்னும் குறைத்துக் கேட்பார். தேய்ந்த பழைய கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

காகிதத்துக்கும் விலை உண்டு. அப்பாவின் லைசென்ஸ் புத்தகம், 1978-ன் கடை ரசீது, ஒப்படைத்த ரசீது மூன்றையும் பக்கத்தில் வைத்து எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய புத்தகங்களில் கையால் எழுதும்போது 3 என்பது 8 ஆவதும், .315 என்பதை 8 மி.மீ. என்று எழுதியிருப்பதும் சாதாரணம். .303 என்று தவறாக எழுதியிருந்தால் அது தடை செய்யப்பட்ட போர் என்பதால், கலெக்டர் அலுவலகத்தில் திருத்தம் வாங்காமல் ஒரு அடி நகர முடியாது. வாங்க வந்தவரை வைத்துக்கொண்டு இந்தத் திருத்தத்துக்கு அலைந்தால் அவர் போய்விடுவார். முன்பே முடித்துவிடுங்கள். வாரிசுச் சான்றும், நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் தயாராக இருக்க வேண்டும். சட்டத்தின் 21-வது பிரிவு, ஒப்படைத்த துப்பாக்கியை விற்க இறந்தவரின் வாரிசுக்கு அனுமதி தருகிறது. ஆனால் விதியில் குறித்த காலத்துக்குள் விற்கவோ திரும்ப எடுக்கவோ செய்யாவிட்டால் அரசுக்குப் பறிமுதல் ஆகிவிடும். உங்கள் ரசீதின் தேதியைக் கடைக்காரரிடம் காட்டி எதுவரை அவகாசம் என்று இன்றே எழுதி வாங்குங்கள். நல்ல விலைக்குக் காத்திருக்கலாம் என்பதெல்லாம் அந்தத் தேதிக்கு உட்பட்டதுதான்.

இப்போது கணக்கு. புது விலை 100. பேரல் கூர்மையாக, எண் ஒத்து, காகிதம் சரியாக உள்ள பழைய .315-க்கு நான் 65 வைப்பேன். உங்கள் ரைபிளில் வாய்ப்பக்கக் கறுப்பு துருப்புள்ளியாக இருந்து, அது பள்ளத்தின் அடியோடு நின்றிருந்தால் 10 கழிக்கலாம். ஒட்டிய வெடிப்புக்கு 8. மீதி 47. முதல் கடை ரசீது இருந்தால், தோளில் மாட்டும் பட்டையும் துப்புரவுக் கம்பியும் சேர்த்து 3 கூட்டலாம். ஆக 50. கேட்கும் விலையை 55 என்று வையுங்கள். பேரம் பேசி 50-க்கு இறங்கினால் இருவருக்கும் திருப்தி. 42-க்குக் கீழே போகாதீர்கள். துரு மேட்டின் மேலும் ஏறியிருந்தால் கணக்கு 65-ல் தொடங்காது, 35-ல் தொடங்கும். அப்படியானால் கடைக்காரர் சொன்ன 25 நியாயமான விலைதான், வாங்கிக்கொள்ளுங்கள். பேரல் கண்ணாடி போல் இருந்தால் கறுப்புக்கான 10-ஐக் கழிக்க வேண்டாம், 60 வரை எதிர்பார்க்கலாம்.

கடைக்காரரிடம் மொத்தமாகக் கொடுப்பதற்குப் பதில், அவர் கடையிலேயே கமிஷனுக்கு விற்கச் சொல்லிப் பாருங்கள். 50-க்குப் போய் அதில் பத்தில் ஒரு பங்கு அவர் எடுத்தாலும் உங்களுக்கு 45 மிஞ்சும்; அவர் சொன்ன 25-க்கு எவ்வளவோ மேல். ஆனால் பேச்சு வாயோடு நிற்கக் கூடாது. கமிஷன் எவ்வளவு, எதற்குக் கீழே விற்கக் கூடாது, எத்தனை மாதம், மாத வைப்புக் கட்டணம் யார் தலையில், துப்புரவுச் செலவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வைப்புக் கட்டணத்தை இன்று வரை கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருஷம் சும்மா கிடந்தால் விலையில் கணிசமாகத் தின்றுவிடும்.

நீங்களே ஆள் பார்த்து விற்பதானால் சட்டத்தின் 5-வது பிரிவு நினைவிருக்கட்டும். யாருக்கு விற்கிறீர்கள் என்று பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே ரைபிள் கைமாறலாம். தெரிவித்த கடிதத்தின் நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். வாங்குகிறவரின் அசல் லைசென்ஸைப் பாருங்கள். .315 வாங்க அனுமதி இருக்கிறதா, அந்த அனுமதியின் காலம் 45 நாளுக்குப் பிறகும் நீடிக்குமா, ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி பதிவாகியிருக்கிறதா? இதைப் பார்க்காமல் முன்பணம் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அல்லாடுகிறவர்கள் உண்டு. பணம் வங்கி வழியாக வரட்டும். ரைபிளின் படத்தை முகநூலில் போட்டு ஆள் தேட வேண்டாம். கடைகளுக்கும் தெரிந்த லைசென்ஸ்காரர்களுக்கும் சொன்னாலே போதும். பேரலின் இரண்டு முனையிலிருந்தும் எடுத்த உள்படம் ஒன்று கையில் இருந்தால் தூரத்து ஆள் வீண் பயணம் வரமாட்டார்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரலாம். 2022-ல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தந்தது. அதிலிருந்து லைசென்ஸ் உள்ள சுடுநர்களுக்கு அங்கே தேவை கூடியது. ஆனால் அவர்களும் பெரும்பாலும் 12 போர்தான் தேடுகிறார்கள். வேறு மாநிலத்தவருக்கு விற்பதானால் கடை வழியாகவே செய்யுங்கள், கொண்டுபோகும் அனுமதி வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நம் பக்கத்தில் இதை வேட்டைத் துப்பாக்கி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது பெயர் மட்டும்தான். பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸில் எழுதியிருப்பது பன்றியையோ மிளாவையோ சுட உரிமை தராது. "மலைக்கு எடுத்துட்டுப் போக நல்ல துப்பாக்கியா அண்ணே?" என்று கேட்டு வருகிறவருக்கு, லைசென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நான் விற்கச் சொல்லமாட்டேன். பின்னால் ஒரு வழக்கில் ரைபிள் பிடிபட்டால் அதன் பழைய உரிமையாளர் வீட்டுக்கும் விசாரணை வரும். உங்கள் அம்மாவுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அலமாரியிலோ தோல் உறையின் பையிலோ பழைய தோட்டா ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பாருங்கள். இருந்தால் ஒன்றுகூட வைத்திருக்காமல் அதே கடையில் எண்ணிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரைபிளோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வாங்குகிறவரின் லைசென்ஸில் தோட்டாவுக்குத் தனி அளவு உண்டு. முப்பது வருஷப் பழைய தோட்டாவுக்கு விலையும் கிடையாது. தொலைநோக்கி சைட் பொருத்தியிருந்தால் அதைக் கழற்றித் தனியாக விற்கலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தோல் உறையை ரைபிள் மேல் மறுபடி போட விடாதீர்கள். விற்கும்வரை மெல்லிய எண்ணெய்த் துணி சுற்றி, வாய் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி வைக்கக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். உறை வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்டால் தனியாகக் கையில் கொடுங்கள்.

விற்றபின் வாங்கியவரின் லைசென்ஸில் எண் ஏறியதற்கான பக்கத்தின் நகல், விற்ற ரசீது இரண்டையும் வாங்கிக்கொண்டு, அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் ஒப்படைத்து ரத்துக்கு எழுதிக் கொடுங்கள். அந்த ஒப்புதல் சீட்டையும் நகல்களையும் அம்மா பத்திரம் வைக்கும் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த தேர்தல் அறிவித்ததும் பழைய பட்டியலைப் பார்த்து "ரைபிளை ஒப்படைக்கவில்லையே" என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால் காட்ட அது வேண்டியிருக்கும்.